பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்றிதழ்: நாஜி ஜெர்மனி உருவான கதை

நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘ஹிட்லர்’. காலை எட்டரை மணிக்கே வாசலில் பிரம்போடு நிற்பார். சட்டைப் பொத்தான் ஒன்று போடாமல் போனாலும் கண்ணில் பட்டுவிடும். இந்தப் பட்டப்பெயரைச் சுமந்த ஓர் ஆசிரியராவது இல்லாத பள்ளி தமிழ்நாட்டில் அபூர்வம் என்றே நினைக்கிறேன். டீக்கடை பெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஹிட்லர் மாதிரி ஒருவன் வந்தால்தான் இந்த நாடு உருப்படும்” என்று பெருமூச்சு விடும் பெரியவரையும் நாம் பார்த்திருக்கிறோம். கண்டிப்பு, ஒழுங்கு, நேரந்தவறாமை என்பதுதான் அந்தப் பெயருக்கு நம் ஊரில் வழங்கும் பொருள்.

உண்மையான ஹிட்லர் நண்பகல் வரை தூங்குகிறவர். கோப்புகளைப் படிப்பது அவருக்கு வேப்பங்காய். அமைச்சரவைக் கூட்டங்களை அவர் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். 1938 பிப்ரவரிக்குப் பிறகு அந்த அமைச்சரவை கூடவே இல்லை. மாலையில் சினிமா, நள்ளிரவு தாண்டியும் நீளும் தனிப்பேச்சு, கேட்பவர்களுக்குக் கொட்டாவி. நம் தலைமையாசிரியரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தால் தினமும் அடி வாங்கியிருப்பார்.

அப்படியானால் எட்டரை மணிக்கு அலுவலகத்தில் ஆஜரானவர்கள் யார்? நீதிபதிகள், பதிவாளர்கள், வரி அலுவலர்கள், தேவாலயப் பதிவேட்டைப் பராமரித்த குருமார்கள், படிவம் அச்சடித்தவர்கள். அந்தச் சர்வாதிகாரத்தை நாள்தோறும் இயக்கியவர்கள் அவர்கள்தான். கத்தியவரையே பார்த்துப் பழகிவிட்டதால் கையெழுத்துப் போட்டவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

முதல் கையெழுத்து ஹிட்லருக்கு வெகு முன்பே விழுந்தது. 1916 அக்டோபர். முதல் உலகப் போர் இரண்டு ஆண்டுகளைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்தது. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் பின்னால் பாதுகாப்பான வேலைகளில் ஒளிந்துகொள்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அதைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லி, ராணுவத்தில் யூதர்களை மட்டும் தனியாக எண்ணும்படி பிரஷ்யப் போர் அமைச்சகம் உத்தரவிட்டது. பதுங்குகுழியில் சேறு படிந்த சீருடையோடு நின்ற வீரனிடம் அவன் படைப்பிரிவின் எழுத்தர் வந்து, “நீ யூதனா?” என்று கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொண்டார். கணக்கெடுப்பின் முடிவைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகச் சீருடை அணிந்தார்கள். சுமார் 12,000 பேர் செத்தார்கள். இது பின்னாளில் தெரிந்த கணக்கு. வதந்திக்கோ கணக்கு தேவைப்படவில்லை. ‘எண்ணிப் பார்த்தார்களாம், வெளியே சொல்ல முடியவில்லையாம்’ என்ற கிசுகிசுப்பே போதுமானதாக இருந்தது.

1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றபோது அந்நியப் படை எதுவும் ஜெர்மனியின் உட்பகுதியில் நிற்கவில்லை. கிழக்கே ரஷ்யாவோடு வெற்றி உடன்படிக்கை எழுதி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. செய்தித்தாள்கள் கடைசிவரை ‘முன்னேறுகிறோம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தன. ஒரு நாள் பேரரசர் கைசர் பதவி இழந்தார். இரண்டு நாள் கழித்துப் போர்நிறுத்தம். தோல்வி நிச்சயம், உடனே சமாதானம் பேசுங்கள் என்று அரசை அவசரப்படுத்தியவர்கள் ராணுவத் தளபதிகளே. ஆனால் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட அவர்கள் போகவில்லை. கத்தோலிக்க மையக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதியை அனுப்பினார்கள். மறு ஆண்டு தளபதி ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிமிர்ந்து நின்று, ஜெர்மன் ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்றார். எர்ட்ஸ்பெர்கரை 1921-இல் தீவிர வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு, யூதரான வெளியுறவு அமைச்சர் வால்ட்டர் ராத்தெனாவைக் கொன்றார்கள்.

முதுகில் குத்தியது யார் என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஐரோப்பாவில் யூத வெறுப்பு ஆயிரம் ஆண்டுப் பழையது. ஏசுவைக் கொன்றவர்கள், வட்டிக்குக் கடன் கொடுப்பவர்கள், கிணற்றில் நஞ்சு கலப்பவர்கள் என்று ஒவ்வொரு நூற்றாண்டும் ஒரு பழியைச் சேர்த்து வைத்திருந்தது. ஆனாலும் அந்தப் பழைய மத வெறுப்பில் ஒரு வாசல் திறந்திருந்தது: ஞானஸ்நானம் பெற்றால் யூதன் கிறிஸ்தவனாகிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் அந்த வாசலையும் அடைத்தார்கள். இது மதப் பிரச்சினை இல்லை, இனப் பிரச்சினை, ரத்தத்தில் இருப்பது தண்ணீரால் போகாது என்று சொன்ன வில்ஹெல்ம் மார் என்பவர் 1879-இல் ‘யூத எதிர்ப்பாளர் சங்கம்’ தொடங்கினார். ஆன்டிசெமிட்டிசம் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அவருடைய காலத்தில்தான். வெறும் வெறுப்பு என்றால் கௌரவமாக இருக்காது. ‘இசம்’ என்று முடிந்தால் அறிவியல் போல ஒலிக்கும். அதே ஆண்டு ஹைன்ரிஷ் ஃபான் ட்ரைட்ஷ்கே என்ற பெர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர், “யூதர்கள் நம் துரதிர்ஷ்டம்” என்று எழுதினார். பேராசிரியரின் அந்த வரியை நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து நியூரம்பெர்கிலிருந்து வந்த ஒரு நாஜி மஞ்சள் பத்திரிகை தன் முதல் பக்கத்தின் அடியில் வாராவாரம் அச்சிட்டது.

இங்கே தமிழ் வாசகர் ஒரு நிமிடம் நிற்க வேண்டிய சொல் ஒன்று வருகிறது: ஆரியர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது கால்டுவெல், திராவிட மொழிகள், வடக்கு தெற்கு வழக்கு. ஜெர்மானியருக்கு அது வேறு பாதையில் போய்ச் சேர்ந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் ஆகியவை ஒரு மொழிக் குடும்பம் என்று மொழியியல் சொன்னதை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பேசியவர்கள் எல்லாம் ஒரே உயர்ந்த இனம் என்று பிரெஞ்சுக்காரரான கோபினோவும், ஜெர்மனியில் குடியேறிய ஆங்கிலேயரான ஹூஸ்டன் சேம்பர்லினும் ஆளுக்கொரு மாடி கட்டினார்கள். சமஸ்கிருத அறிஞரான மாக்ஸ் முல்லரே 1888-இல் இதைக் கண்டித்தார். ஆரிய ரத்தம், ஆரியக் கண், ஆரியக் கூந்தல் என்று பேசுகிற இனவியலாளர், நீண்ட மண்டையோட்டு அகராதி என்று பேசுகிற மொழியியலாளருக்குச் சமமான பாவி என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொழியைக் குறித்த சொல், அரை நூற்றாண்டுக்குள் அரசாங்க வேலைக்கான தகுதிச் சொல்லாக மாறியது.

வதந்திக்கு ஆவணமும் கிடைத்தது. உலகை ஆளத் திட்டமிடும் யூத மூப்பர்களின் ரகசியக் கூட்டக் குறிப்பு என்ற பெயரில் 1903-இல் ரஷ்யாவில் வெளிவந்த ஒரு போலி ஆவணம், போருக்குப் பின் ஜெர்மன் மொழிக்கு வந்தது. அதன் பகுதிகள், மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்து 1864-இல் எழுதப்பட்ட பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்து வரிவரியாகத் திருடப்பட்டவை என்று லண்டன் ‘டைம்ஸ்’ 1921-இல் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டியது. விற்பனை குறையவில்லை. போலி என்று யூதப் பத்திரிகைகள் அலறுவதே அது உண்மை என்பதற்குச் சான்று என்று ஹிட்லர் தன் நூலில் எழுதினார். மறுப்பையே ஆதாரமாகக் கொள்ளும் மனதோடு வாதிட்டு ஜெயித்தவர் எவரும் இல்லை.

இத்தாலியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசிசம் என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. முசோலினி 1922-இல் ஆட்சிக்கு வந்தபோது அவர் கட்சியில் யூதர்களும் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய, அவருக்கு நெருக்கமான மார்கரிட்டா சர்ஃபாட்டி ஒரு யூதப் பெண். 1938-இல்தான் இத்தாலி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. சர்ஃபாட்டியும் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே யூத வெறுப்பு, கட்டி முடித்த வீட்டில் பிற்பாடு எடுத்த அறை. ஜெர்மனியில் அது அஸ்திவாரம்.

அஸ்திவாரம் என்பதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. 1919 செப்டம்பரில், இன்னும் ராணுவச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஹிட்லர், மேலதிகாரி கேட்டுக்கொண்டபடி ஒரு கடிதம் எழுதினார். உணர்ச்சிவசப்பட்ட யூத வெறுப்பு கலவரத்தோடு முடிந்துவிடும். அறிவார்ந்த யூத எதிர்ப்போ சட்டப்படி அவர்களுடைய உரிமைகளை முறையாகப் பறிப்பதில் தொடங்க வேண்டும். இறுதி இலக்கு அவர்களை முற்றாக அகற்றுவது என்றது அந்தக் கடிதம். அவருடைய அரசியல் எழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் முதலாவது இதுதான். கலவரம் வேண்டாம், சட்டம் வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் பீர் கூடத்தில் வாசிக்கப்பட்ட நாஜிக் கட்சியின் 25 அம்சத் திட்டத்தில் நான்காவது அம்சம், எந்த யூதரும் குடிமகனாக இருக்க முடியாது என்றது. பின்னால் நடந்தது எதுவும் தெரியாமல் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சடித்து விநியோகித்திருந்தார்கள்.

1923 நவம்பரில் ஹிட்லர் மியூனிக்கில் ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார். அது ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு நாணயம் சரிந்த மாதம். நான்கு போலீஸ்காரர்கள் செத்தார்கள். ராஜத்துரோக வழக்கு. ஆனால் நீதிமன்றத்தில் குற்றவாளி மணிக்கணக்கில் அரசியல் உரை ஆற்ற, நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுத் தண்டனை. ஆஸ்திரியக் குடிமகனான அவரைச் சட்டப்படி நாடு கடத்தியிருக்க வேண்டும். ஜெர்மானியனாகவே சிந்திக்கிற, உணர்கிற ஒருவருக்கு அந்தச் சட்டப்பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பு எழுதினார்கள். 1924 டிசம்பரில் விடுதலை. அப்போது பவேரியாவின் நீதி அமைச்சராக இருந்து பரிவு காட்டியவர் ஃபிரான்ஸ் கியூர்ட்னர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

விடுதலையான பிறகும் பல ஆண்டுகள் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு வாக்கு, 12 இடங்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, ஜெர்மனிக்குக் கடன் கொடுத்திருந்த அமெரிக்க வங்கிகள் பணத்தைத் திரும்பக் கேட்டன, தொழிற்சாலைகள் மூடின. 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காடு, 107 இடங்கள். 1932 ஜூலையில் வேலையில்லாதோர் பல லட்சங்களைத் தாண்டி அறுபது லட்சத்தை ஒட்டி நின்ற காலத்தில் 37.3 விழுக்காடு, 230 இடங்கள், மிகப் பெரிய கட்சி.

இந்த வாக்காளர்கள் யூத வெறுப்பால் வாக்களித்தார்களா? பெரும்பாலோர் அப்படி இல்லை என்றே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அந்தத் தேர்தல்களில் நாஜிகள் யூத எதிர்ப்புப் பேச்சைச் சற்று அடக்கியே வாசித்தார்கள். வேலை, ரொட்டி, கம்யூனிச பயம், போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையின் அவமானம் ஆகியவையே மேடையில் முழங்கின. எனக்கு இதில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் விவசாயியும் அந்த நான்காவது அம்சத்தைப் படித்துப் பார்த்தார்கள், ‘அதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது’ என்று பக்கத்தைத் திருப்பினார்கள், வாக்களித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவிருக்கும் ஆபத்து, தன் வாக்கை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய காரணமாக அவர்களுக்குப் படவில்லை.

வாக்குகளாலும் அவர் ஆட்சிக்கு வரவில்லை. 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிகள் சரிந்தார்கள்: 33.1 விழுக்காடு, 196 இடங்கள். கட்சிக் கஜானா காலி. அலை ஓய்ந்துவிட்டது என்று பல பத்திரிகைகள் எழுதின. அப்போதுதான் கனவான்கள் கதவைத் திறந்தார்கள்.

அந்தக் கதவு 1930 முதலே தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்தது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத சான்சலர்கள் (நம் ஊர்ப் பிரதமர் போன்றவர்கள்), அரசியல் சாசனத்தின் 48-ஆவது பிரிவைப் பயன்படுத்தி ஜனாதிபதியாகியிருந்த அதே தளபதி ஹிண்டன்பர்கின் கையெழுத்தோடு அவசரச் சட்டங்களால் ஆண்டுகொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தை ஓரங்கட்டும் பழக்கத்தை ஹிட்லர் கண்டுபிடிக்கவில்லை, தயாராகக் கிடைத்தது. பதவி இழந்த முன்னாள் சான்சலர் ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன், தன்னை வீழ்த்திவிட்டுச் சான்சலரான ஷ்லைகரைப் பழிவாங்கத் துடித்தார். 1933 ஜனவரி 4-ஆம் தேதி கொலோன் நகரில் ஒரு வங்கியாளரின் வீட்டில் அவரும் ஹிட்லரும் பேசினார்கள். ஹிட்லர் சான்சலர், பாப்பன் துணைச் சான்சலர், அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இரண்டே பேர், மற்றவர்கள் எல்லாம் பழைய பழமைவாதிகள். எண்பத்தைந்து வயது ஹிண்டன்பர்கைப் பாப்பன் சம்மதிக்க வைத்தார். எச்சரித்த நண்பரிடம், இரண்டே மாதத்தில் ஹிட்லரை மூலையில் தள்ளி நசுக்கிக் கீச்சிட வைத்துவிடுவோம் என்று பாப்பன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஜனவரி 30-ஆம் தேதி பதவியேற்பு.

அந்த இரண்டு நாஜி அமைச்சர்களில் ஒருவர் நாட்டின் உள்துறையைக் கேட்டு வாங்கியிருந்தார். இன்னொருவரான கோரிங், ஜெர்மனியின் ஐந்தில் மூன்று பங்கான பிரஷ்யாவின் காவல் துறையை. கனவான்கள் நிதி, வெளியுறவு என்று மேசைக்கு அழகான இலாகாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். லத்தி யார் கையில் என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 27-ஆம் தேதி இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. உள்ளே பிடிபட்டவர் மரினஸ் ஃபான் டெர் லுப்பே என்ற டச்சு இளைஞர். மறுநாளே ஓர் அவசரச் சட்டம்: பேச்சுரிமை, கூடும் உரிமை, கடித ரகசியம், காரணமில்லாமல் கைதாகாமல் இருக்கும் உரிமை எல்லாம் ‘மறு உத்தரவு வரும்வரை’ நிறுத்தி வைப்பு. மறு உத்தரவு 1945 வரை வரவில்லை. மார்ச் 5-ஆம் தேதி, எதிர்க்கட்சியினர் சிறையில் இருக்க நடந்த தேர்தலிலும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 விழுக்காடுதான். மார்ச் 22-இல் டாகாவ் வதை முகாம் திறந்தது. அடுத்த நாள், தற்காலிக நாடாளுமன்றமாக மாறியிருந்த க்ரோல் ஆப்பெரா அரங்கில், அரசே நாடாளுமன்றம் இல்லாமல் சட்டம் இயற்றலாம் என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் 81 பேரும் தடுக்கப்பட்டிருந்தார்கள். அரங்கின் உள்ளே நாஜிக் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் வெல்ஸின் கட்சியினர். மற்ற கட்சிகள் அனைத்தும், எர்ட்ஸ்பெர்கரின் கட்சி உட்பட, ஆதரித்தன. ஜூலை 14-ஆம் தேதிக்குள் அந்தக் கட்சிகள் எவையும் உயிரோடு இல்லை.

1934 ஜூன் 30-இல் ஹிட்லர் தன் பழுப்புப் படையின் தலைவர்களையும் பழைய விரோதிகளையும் விசாரணையே இல்லாமல் சுட்டுத் தள்ளினார். குறைந்தது 85 பேர். ஷ்லைகரை அவர் வீட்டிலேயே மனைவியோடு சேர்த்துக் கொன்றார்கள். பாப்பனுக்கு உரை எழுதிக் கொடுத்தவரும் அவருடைய செய்திச் செயலரும் பலியானார்கள். பாப்பன் வீட்டுக்காவலில் கிடந்தார். சில வாரங்களில் அதே ஹிட்லரின் தூதராக வியன்னாவுக்குக் கிளம்பினார். மூலையில் யார் கீச்சிட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 3-ஆம் தேதி, நடந்த கொலைகள் எல்லாம் அரசின் தற்காப்பு, ஆகவே சட்டப்படி சரி என்று ஒரே வாக்கியத்தில் ஒரு சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நீதி அமைச்சர் ஃபிரான்ஸ் கியூர்ட்னர். ஆகஸ்டு 2-இல் ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றே ராணுவம், நாட்டின் பெயரையோ சாசனத்தையோ சொல்லாமல், ஹிட்லர் என்ற தனி மனிதரின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தது.

இனி அந்த நான்காவது அம்சத்துக்கு வருவோம். அது ஒரு வேலைநீக்க உத்தரவாகத்தான் தொடங்கியது. 1933 ஏப்ரல் 7-ஆம் தேதி வந்த சட்டத்தின் பெயர், ‘தொழில்முறை அரசுப் பணியை மீட்டெடுக்கும் சட்டம்’. பெயரைக் கேட்டால் ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் என்று தோன்றும். உள்ளே, ஆரியர் அல்லாதோர் ஓய்வு பெற வேண்டும். தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலும் ஆரியர் அல்லாதவர். போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் ஹிண்டன்பர்க் கேட்டு வாங்கிக் கொடுத்த விலக்கு. காற்றிலிருந்து உர அமோனியாவுக்கு வழி கண்டு நோபல் பரிசு பெற்ற, முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக நச்சு வாயுவையும் தயாரித்துக் கொடுத்த ஃபிரிட்ஸ் ஹேபருக்கு அந்த விலக்கு இருந்தது. தன் நிறுவனத்தின் யூத ஊழியர்களைத் தானே நீக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் பதவி விலகினார். அடுத்த ஜனவரியில் அந்நிய ஊரில் இறந்தார். அவரைப்போல் நாற்காலியைக் காலி செய்தவர்கள் ஏராளம். அந்த நாற்காலிகள் நெடுநாள் காலியாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரிசையில் அடுத்து நின்ற துணைப் பேராசிரியரும் இளநிலை மருத்துவரும் நாஜியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; நியமன உத்தரவை வாங்கிக்கொண்டால் போதும்.

இப்போது எல்லோருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. நமக்குச் சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் அலைந்த அனுபவம் இருப்பதால் காட்சியைக் கற்பனை செய்வது எளிது. தன்னுடையது, பெற்றோருடையது, தாத்தா பாட்டிகளுடையது என்று ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றுகள், கூடவே மூன்று திருமணச் சான்றுகள். லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் தங்கள் பாட்டனார் பிறந்த குக்கிராமத்துத் தேவாலயத்துக்குக் கடிதம் எழுதினார்கள். குருமார்கள் பழைய பதிவேடுகளைத் தூசு தட்டி நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ‘முன்னோர் பாஸ்போர்ட்’ என்ற சிறு நூல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதில் வம்ச மரத்தை நிரப்பி முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

வேடிக்கை இதில்தான். ரத்தம், இனம், அறிவியல் என்று முழங்கிய ஆட்சியிடம் யூத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் எந்தச் சோதனையும் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் கட்சி மாநாட்டின் நடுவே, இனச் சட்டம் ஒன்றை உடனே எழுத வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் யூத விவகார அதிகாரி பெர்ன்ஹார்ட் லோசனரை பெர்லினிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து நான்கு வரைவுகள் எழுதினார்கள், கடுமையானதிலிருந்து மிதமானது வரை. ஹிட்லர் மிதமானதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு, ‘இந்தச் சட்டம் முழு யூதர்களுக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற வரியைத் தன் கையால் அடித்துவிட்டார். யூதர் அல்லாதோரோடு திருமணம் குற்றம், உறவு குற்றம்; 45 வயதுக்கு உட்பட்ட ஜெர்மானியப் பெண்ணை யூதர் வீட்டில் வேலைக்கு வைப்பதும் குற்றம். இன்னொரு சட்டம் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது. மியூனிக் பீர் கூடத்தில் வாசித்த வரி பதினைந்து ஆண்டுகளில் அரசிதழுக்கு வந்து சேர்ந்தது.

யூதர் என்றால் யார் என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் இழுபறி. நவம்பர் 14-ஆம் தேதி விடை வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் யூதர். சரி, தாத்தா யூதர் என்பது எப்படித் தெரியும்? அவர் யூத வழிபாட்டுச் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் தெரியும். சுற்றிச் சுற்றி, ஞானஸ்நானத்தால் போகாது என்று சொன்ன ரத்தத்தை அளக்க, ஞானஸ்நானப் பதிவேட்டையே நம்பினார்கள். இந்த ஓட்டையை அந்தச் சட்டம் எழுதிய படிப்பாளிகள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். சட்டத்துக்கு விளக்கவுரை எழுதிய இருவரில் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே, போருக்குப் பின் மேற்கு ஜெர்மன் சான்சலர் அடெனாவரின் அலுவலகத்தில் 1953 முதல் பத்தாண்டு தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றார்.

மொத்தம் எத்தனை பேரைப் பற்றி இந்தச் சட்டங்கள்? 1933 கணக்கெடுப்பின்படி ஜெர்மனியின் ஆறரைக் கோடி மக்களில் யூதர்கள் சுமார் ஐந்து லட்சம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அதன் பிறகு படிவங்கள் வேகம் பிடித்தன. 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர்கள் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. வெளியேற விரும்பினால் சொத்தில் கால் பங்கு வரி. அந்த வரியை 1931-இல் கொண்டுவந்தது ஜனநாயக அரசு, மூலதனம் நாட்டை விட்டு ஓடாமல் இருக்க. அக்டோபரில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு ‘ஜே’ முத்திரை. எல்லையில் அகதிகளை அடையாளம் கண்டு திருப்பி அனுப்ப வசதி கேட்டிருந்தது சுவிட்சர்லாந்து. அடுத்த ஜனவரி முதல், பெயரைக் கொண்டே யூதர் என்று அறிய முடியாத ஆண்கள் எல்லோரும் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று கேலிச்சித்திரங்கள் வரைந்து தள்ளிய ஆட்சிதான் இந்த உத்தரவையும் போட்டது.

1938 நவம்பர் 9 இரவு நாடு முழுவதும் யூத ஆலயங்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கான கடைகள் நொறுங்கின, சுமார் 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த இரவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு மூன்று நாள் கழித்து கோரிங் தலைமையில் கூடிய அலுவலகக் கூட்டம்தான் அதைவிடக் குலை நடுங்க வைக்கிறது. உடைந்த கண்ணாடிக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்தாக வேண்டுமே, என்ன செய்வது? பேசி முடித்தார்கள்: நிறுவனம் பணம் கொடுக்கட்டும், அரசு அதை எடுத்துக்கொள்ளட்டும், தெருவை யூதர்கள் தங்கள் செலவில் சுத்தம் செய்யட்டும், கூடவே நூறு கோடி மார்க் அபராதமும் கட்டட்டும்.

1942 ஜனவரியில் பெர்லின் ஏரிக்கரை மாளிகை ஒன்றில் பதினைந்து அதிகாரிகள் கூடி, ஐரோப்பாவின் யூதர்களை நாடு வாரியாக எண்ணி, ஒரு கோடியே பத்து லட்சம் என்று கூட்டிப் போட்டார்கள். கொலைகள் அதற்கு முன்பே கிழக்கில் தொடங்கியிருந்தன. போர் முடிந்தபோது அறுபது லட்சம் யூதர்கள் உயிரோடு இல்லை. அந்தப் பதினைந்து பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

இத்தனை எண்களுக்கு நடுவே ஒருவரை மட்டும் அருகே போய்ப் பார்க்கலாம். விக்டர் கிளெம்பெரர், டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர். யூத மதகுருவின் மகன். இளமையிலேயே புரொட்டஸ்டன்ட் ஆனவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் நின்றவர். தன்னை ஜெர்மானியர் என்று மட்டுமே எண்ணியவர். 1935-இல் வேலை போனது. பிறகு நூலகம், தட்டச்சு இயந்திரம், கார், வீடு என்று ஒவ்வொன்றாகப் போயின. 1941 செப்டம்பரில் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டியதாயிற்று. மனைவி ஈவா ‘ஆரியர்’ என்பதால் மட்டும் முகாமுக்கு அனுப்பப்படாமல் இருந்தார். 1942 மே மாதத்தில் யூதர்கள் வீட்டு விலங்குகள் வைத்திருக்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது என்று உத்தரவு வந்தது. அவர்கள் வீட்டில் மூஷெல் என்ற பூனை இருந்தது. ஈவா அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மருந்து போட்டுக் கொன்றுவிட்டு வந்தார். தினமும் நாட்குறிப்பு எழுதிய கிளெம்பெரர் அதையும் எழுதி வைத்தார்.

1945 பிப்ரவரி 13-ஆம் தேதி, நகரில் எஞ்சியிருந்த யூதர்கள் சிலருக்கு வெளியேற்ற உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவரிடம் தரப்பட்டது. வீடு வீடாக ஏறி இறங்கிக் காகிதங்களைக் கொடுத்தார். அன்று இரவு நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டனை எரித்தன. நெருப்புக்கு நடுவே கணவரைத் தேடிப் பிடித்த ஈவா, ஒரு பேனாக்கத்தியால் அவர் கோட்டிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அறுத்து எடுத்தார். ஆவணங்கள் எரிந்துபோன அகதிகளோடு அகதிகளாக இருவரும் பவேரியாவை நோக்கிப் போனார்கள். கையிலிருந்த ஒரு சீட்டில் எழுத்துகளைக் கொஞ்சம் திருத்தி, கிளெம்பெரர் என்ற பெயரை ‘கிளைன்பீட்டர்’ ஆக்கிக்கொண்டார்கள். வழியில் அவர்களைப் பல அதிகாரிகள் பார்த்தார்கள், ரேஷன் கொடுத்தார்கள், படுக்க இடம் காட்டினார்கள். அவர் யூதர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.